பாடம்: பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினில் டம்பர் கப்பி பொருத்துதல்

2006ஆம் ஆண்டு சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள், கிளிவெட்டி முதலிய இடங்களில் ஆண்டுக்கணக்காக முகாம்களில் வாழ்ந்து, 2015ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாக ஊர் திரும்பின. திரும்பியவர்களில் சிலர் பங்கு போட்டு ஒரு பழைய லொறி வாங்கினார்கள். அதன் டம்பர் கப்பியின் றப்பர் வெடித்திருந்தது. புதியது விலை கூட என்று, கடைசல் பட்டறையில் வெறும் இரும்புக் கப்பி செய்து பூட்டினார்கள். நாங்களும் "ஓடினால் போதும்" என்று தலையாட்டினோம். ஒரு போகம் ஓடியது. அடுத்த அறுவடையில், நெல் மூட்டைகளோடு கந்தளாய்க்கு அப்பால் கிராங்க் தண்டு முறிந்தது. மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு இழந்தோம். அந்தப் பிழையில் கற்றதே இப்பாடம்.

இது எதற்கு?

ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் தண்டு சிறிது முறுகி மீள்கிறது. ஆறு சிலிண்டர் வரிசையாக உள்ள எஞ்சினில் தண்டு நீளமானது. ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளினால் ஆட்டம் பெருகுவதுபோல், குறிப்பிட்ட வேகங்களில் இம்முறுக்கும் பெருகும். இந்த எஞ்சின் இயல்பாகவே சீராக ஓடுவதால் சாரதிக்கு அது தெரியாது. தண்டு உள்ளே களைத்து, ஒருநாள் முறியும். டம்பரின் நடுக்குடத்துக்கும் கனமான வெளி வளையத்துக்கும் இடையிலுள்ள றப்பர் அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்கிறது. எனவே இது வெறும் பெல்ட் கப்பி அல்ல. ஒவ்வொரு டம்பரும் அதனதன் எஞ்சினுக்கென்றே அளவிடப்பட்டது. வேறு எஞ்சினின் டம்பர் உதவாது.

பழுதை அறிதல்

குடத்துக்கும் வளையத்துக்கும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். சில நாள் ஓடியபின் கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் றப்பர் விட்டுவிட்டது. பல ஆண்டு ஓடாமல் கிடந்த வாகனங்களில் றப்பர் காய்ந்து வெடிப்பது வழக்கம்.

பொருத்தும் முறை

(தண்டில் இறுக்கமாகச் செருகும் வகைக்கு உரியது.)

1. பற்றரி வயரைக் கழற்றி, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். பெல்ட்டையும், இடம் போதாவிட்டால் ரேடியேற்றரையும் அகற்றுங்கள்.

2. நடு போல்ட்டைக் கழற்றியபின், குடத்திலுள்ள துளைகளில் திருகும் புல்லரால் பழையதை இழுங்கள். வெளி வளையத்தில் கொளுவி இழுத்தால் றப்பர் கிழியும்.

3. தண்டின் முனையைத் துடைத்து, பிசிரை மெல்லிய எமரித் தாளால் நீக்குங்கள். சாவிக் கட்டையைப் பாருங்கள். புதிய ஒயில் சீல் போட்டு, அதன் உதட்டில் கிரீஸ் தடவுங்கள்.

4. புதிய டம்பரைச் சிறிது நேரம் சுடுநீரில் வைத்துத் துடைத்தால் குடம் சற்று விரியும். நெருப்பு காட்டவேண்டாம்.

5. சாவிப் பள்ளத்தை நேர்படுத்துங்கள். தண்டின் மரைக்குப் பொருந்தும் நீண்ட மரைக் கம்பியை ஆழமாகத் திருகி, தடித்த வாஷரும் நட்டும் போட்டு, நட்டை மெதுவாக இறுக்கி டம்பரை உள்ளே தள்ளுங்கள். பழைய குட்டை போல்ட்டால் இழுத்தால் இரண்டு மூன்று மரையே பிடிக்கும். தண்டின் மரை உரிந்துவிடும்.

6. சுத்தியலால் அடிக்கவே கூடாது. றப்பரும் தண்டின் தள்ளு பெயரிங்கும் பழுதாகும்.

7. முழுதாக உட்கார்ந்ததும் கம்பியைக் கழற்றி, உரிய போல்ட்டை எஞ்சின் கைநூல் சொல்லும் அளவுக்கு டோர்க் ஸ்பானரால் இறுக்குங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கப்பி ஆடுகிறதா, ஒயில் கசிகிறதா என்று பாருங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

- நம் ஊர் வாகனங்களில் டம்பர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?
- புல்லர், டோர்க் ஸ்பானர் போன்றவற்றைத் தனித்தனியே வாங்காமல் சங்கத்தின் பொதுச் சொத்தாக வைத்திருக்க முடியுமா?
- "ஓடினால் போதும்" என்று நாம் விட்டுவைத்திருக்கும் வேறு பழுதுகள் எவை?