கஞ்சித் தொட்டியிலிருந்து கோட்டைக்கு: பழைய மதராஸின் இருண்ட வரலாற்றை நடந்து காட்டுவது எப்படி?

சென்னையின் பழமையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையில்தான் ஆரம்பிப்பார்கள். 1639, பிரான்சிஸ் டே, கடலோர மணல்திட்டு என்று தொடங்கி, மெல்ல வடக்கே ஜார்ஜ் டவுனுக்குள் நுழைவார்கள். இந்த ஊரின் இருண்ட பக்கத்தைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். பசித்தவர்கள் வந்து நின்ற வாசலில் தொடங்கி, அந்தப் பசிக்குக் காரணமான முடிவுகள் எழுதப்பட்ட கோட்டையில் முடியுங்கள். கோட்டையில் ஆரம்பித்தால் கேட்பவர் மனத்தில் கவர்னர்கள்தான் கதாநாயகர்களாக நிற்பார்கள். ராயபுரத்தில் ஆரம்பித்தால், கோட்டையை எட்டும்போது அவர்களிடம் கேட்கக் கேள்விகள் இருக்கும்.

இதில் நடைமுறை வசதியும் இருக்கிறது. காலையில் கடைகள் திறக்கும் முன்பே ஜார்ஜ் டவுனைக் கடந்துவிடலாம். வெயில் ஏறும் நேரத்துக்குக் கோட்டை அருங்காட்சியகத்தின் நிழலுக்குள் போய்விடலாம்.

கிளம்புவதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். வாரநாளில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் நின்று பேசவே முடியாது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மாதங்களில் மார்கழியும் தையும் நல்லது. காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்கினால், நின்று நின்று பேசிப் பத்தரை வாக்கில் கோட்டைக்குள் இருப்பீர்கள். மொத்தம் நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனால் நடைபாதை பல இடங்களில் கிடையாது. செருப்பைவிட ஷூ நல்லது. தண்ணீர், தொப்பி, எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயம். கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கூட்டம் பெரிதானால் நீங்கள் கத்த வேண்டியிருக்கும். சொல்லப் போகும் விஷயங்கள் கத்திச் சொல்லக் கூடியவை அல்ல. பழைய மதராஸ் வரைபடம் ஒன்றைப் பெரிய தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த நடையில் காட்ட வேண்டியவற்றில் பாதி இப்போது இல்லாதவை. வரைபடம் இல்லாமல் வெறும் காற்றைக் காட்டிப் பேச வேண்டியிருக்கும்.

பேய்க் கதைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 'இந்த மரத்தடியில் இரவில் அழுகுரல் கேட்கும்' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையான சாவும் கதையாகிவிடும்.

முதல் நிறுத்தம்: மணியக்காரர் சத்திரம்

வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு வாருங்கள். வடசென்னையின் மூத்த தலைமுறை இதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லும். அந்தப் பெயருக்குக் காரணமான மொனேகர் சவுல்ட்ரி, அதாவது மணியக்காரர் சத்திரம், பக்கத்திலேயே இருக்கிறது.

1780-இல் மைசூரின் ஹைதர் அலியின் படை ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, விதைப்பு நின்றது. பிழைத்தவர்கள் மதராஸை நோக்கி நடந்தார்கள். 1782-இல் அவர்களுக்காக இங்கே கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். பட்டினியோடு நோயும் வந்ததால், கஞ்சி ஊற்றிய இடத்தை ஒட்டி 1799-இல் டாக்டர் ஜான் அண்டர்வுட் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஸ்டான்லியானது. இங்கே ஹைதரை மட்டும் குற்றவாளியாக நிறுத்திவிட்டு நகராதீர்கள். அந்தப் போரின் மறுபக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நின்றது. அது என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது என்பது வழியில் வரும் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

நோயாளிகளையோ சத்திரத்தில் இருக்கும் முதியவர்களையோ படம் எடுக்க விடாதீர்கள். இதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுவது நல்லது. வாசலுக்கு எதிரே ஒதுங்கி நின்று ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

இரண்டாவது: மதில்

பழைய ஜெயில் ரோட்டில் நடந்தால் மாடிப் பூங்கா வரும். பூங்காவாக மாறியிருப்பது, நகரைச் சுற்றி எழுப்பிய மதிலின் மிச்சம். 1769-இல் ஹைதர் மதராஸின் வாசல் வரை வந்து, கம்பெனியைச் சமாதானத்துக்குப் பணிய வைத்துவிட்டுப் போனார். அந்த அச்சத்தில் வடக்கிலும் மேற்கிலும் மதில் கட்டும் வேலை முடுக்கிவிடப்பட்டது. செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்க நினைத்தார்கள். அந்த எண்ணம் நிறைவேறவில்லை. வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கட்டுமான ஒப்பந்தத்தை எடுத்தவர் பெயரைக் குழுவில் எல்லோரும் மனத்தில் பதித்துக்கொள்ளட்டும்: பால் பென்ஃபீல்ட். கோட்டைக்குள் அவரை மறுபடியும் பார்ப்போம்.

சாலையின் பெயரில் இருக்கும் ஜெயிலும் கற்பனை இல்லை. இன்று பாரதி மகளிர் கல்லூரி இருக்கும் இடம் ஒரு காலத்தில் சிறைச்சாலை. ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மூடியிருக்கும். வெளியிலிருந்தே காட்டிவிட்டு நகருங்கள்.

மூன்றாவது: பிராட்வே

பிரகாசம் சாலையில் தெற்கு நோக்கித் திரும்புங்கள். 1780-களில் ஸ்டீபன் போப்பம் என்ற வழக்கறிஞர் இங்கே ஓடிய கால்வாயைத் தூர்த்துச் சாலை போட்டார். உங்கள் இடப்பக்கம் முத்தியால்பேட்டை, வலப்பக்கம் பெத்தநாயக்கன்பேட்டை. கறுப்பர் நகரம் என்று கம்பெனிக்காரர்கள் பெயரிட்ட ஊர் இது.

எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டு முடிக்க நினைக்கும் கைடு இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1707-இல் எந்தத் தெருவில் யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம் என்பதில் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் மூண்ட சண்டை ஊரையே முடக்கியது. கவர்னர் தாமஸ் பிட் தெருக்களைப் பிரித்து எல்லைக்கல் நட்டார். வலங்கையினரில் பலர் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்கே போய்விட்டார்கள். சாதியைக் கம்பெனி உருவாக்கவில்லை. தெருவாரியாக அளந்து, கல் நட்டு, தன் ஏட்டில் பதிந்து வைத்துக்கொண்டது. குழுவில் யாராவது சங்கடப்பட்டு நெளிந்தால் அவசரமாகப் பேச்சை மாற்றாதீர்கள். பேசட்டும், நேரம் கொடுங்கள்.

டீ குடிக்க இதுதான் இடம்.

நான்காவது: இடம் பெயர்ந்த கோயில்

என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு வந்ததும் மேற்கே திரும்பித் தேவராஜ முதலி தெருவுக்குப் போங்கள். சென்ன கேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் அருகருகே குடியிருக்கிறார்கள். ஆனால் இது அவர்களுடைய முதல் வீடு இல்லை.

வரைபடத்தை விரித்து இப்போதைய உயர் நீதிமன்ற வளாகத்தைக் காட்டுங்கள். முதல் கறுப்பர் நகரம் அங்கேதான் கோட்டைக்கு வடக்கே ஒட்டி இருந்தது, கோயிலும் அங்கேதான். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். 1749-இல் திருப்பித் தருவதற்குள், கோட்டையை ஒட்டிய வீடுகளில் ஒரு பகுதியை இடித்துத் தள்ளியிருந்தார்கள். மிச்சத்தை ஆங்கிலேயர்களே இடித்தார்கள். எதிரி வீடுகளில் ஒளிந்து சுடக் கூடாது, பீரங்கிக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது என்பதே காரணம். 1757-இல் கோயிலும் போயிற்று. அடுத்த ஆண்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை வந்தது. அது ஓய்ந்த பிறகு மாற்று நிலம் கிடைத்து, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று இங்கே கோயில்களை எழுப்பினார். கோயிலுக்கு ஈடு கிடைத்தது பதிவில் இருக்கிறது. வீடிழந்த நெசவாளிக்கும் சுமைகூலிக்கும் என்ன கிடைத்தது என்ற கேள்வியைக் குழுவின் முன் வையுங்கள்.

இந்தக் காலத்தைப் பற்றித் தமிழிலேயே நேரடிச் சாட்சியம் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாகப் புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1746-ஐ அன்றாடம் பதிந்திருக்கிறது. வருவதற்கு முன் அந்த ஆண்டுப் பக்கங்களையாவது படித்துவிடுங்கள். அதைப் படித்தவர் சொல்லும் கதைக்கும் படிக்காதவர் சொல்லும் கதைக்கும் வித்தியாசம் தெரியும்.

ஐந்தாவது: பாரிமுனை

அதே சாலையில் கிழக்கே வந்தால் டேர் ஹவுஸ். அதன் வளாகத்தில் குட்டையான கல்தூண் ஒன்று நிற்கிறது. இந்தக் கோட்டுக்கும் கோட்டைக்கும் நடுவே யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 1773-இல் நட்ட ஆறு தூண்களில் தப்பியது இது ஒன்றுதான். இடித்த ஊரின் கடைசி எல்லை என்று இதைச் சொல்லலாம். கோயில் வாசலில் சொன்னது இங்கே கண்ணுக்குத் தெரியும்.

கடற்கரைப் பக்கம் நீளும் பர்மா பஜாரையும் காட்டுங்கள். 1962-க்குப் பிறகு பர்மாவில் கடைகளையும் நிலத்தையும் இழந்து, வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களுக்காக அமைந்த சந்தை அது. குழுவில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் யாராவது இருக்கக்கூடும். இருந்தால் கைடு வாயை மூடிக்கொண்டு அவரைப் பேச விட வேண்டும்.

உயர் நீதிமன்றத்துக்குள் போக முடியாது. வளாகத்தின் கிழக்கு மதிலில் எம்டன் கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனது. எல்லோரும் அறிந்த கதை. இரண்டு நிமிடம் போதும்.

ஆறாவது: கடல் வாயில்

கோட்டையின் கிழக்கு வாசலுக்கு எதிரே, சாலையோரம் பாதுகாப்பாக நிற்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு அலை இந்த மதில் வரை வரும். துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்க, மசூலா படகுகள் அலையைக் கிழித்து ஆட்களையும் சரக்கையும் ஏற்றிப் போகும். ஆட்களே சரக்கான காலமும் உண்டு. நடையின் மையம் இதுதான். அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

எலிஹு யேல் 1687-இலிருந்து 1692 வரை இங்கே கவர்னர். அப்போது கடும் பஞ்சம்; பசித்த குடும்பங்கள் பிள்ளைகளை விற்றன. 1687-இல் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் அடிமைகளாக இங்கிருந்து ஏற்றுமதியானார்கள். கப்பலுக்குப் பத்து அடிமையாவது ஏற்ற வேண்டும் என்ற விதியை யேல் நடைமுறைப்படுத்தினார். 1718-இல் அவர் அனுப்பிய துணிப் பொதிகளும் 417 புத்தகங்களும் ஓர் அமெரிக்கக் கல்லூரிக்கு அவர் பெயரை வாங்கித் தந்தன. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-இல் மன்னிப்புக் கேட்டது.

இதே கரையிலிருந்து 1860 அக்டோபர் 12 அன்று ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு நேட்டாலுக்குக் கிளம்பியது. அவர்கள் அடிமைகள் இல்லை, ஒப்பந்தக் கூலிகள். இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் வரலாறு அந்தக் கப்பலில் தொடங்குகிறது.

1877-இல், பெரும் பஞ்சத்தின் நடுவே, இதே கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. புகைப்படம் இருக்கிறது, அச்செடுத்து வந்து கையில் கொடுங்கள். தானியம் இருந்தது, வாங்கப் பணம் இல்லை. நிவாரண வேலைக்கு வந்த ஆண்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று அரசின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதில் மண் வெட்டுகிறவன் உயிர் வாழ முடியாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்தில் எதிர்த்தார். அரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்' என்ற பேச்சு அதோடு அடங்கிவிடும்.

கடைசி: தூய மரியாள் தேவாலயம்

கோட்டைக்குள் வந்ததும், ஞாயிறு ஆராதனை முடியும் வரை தேவாலயத்துக்கு வெளியே காத்திருங்கள். தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கல்லறைப் பலகைகளுக்கு அடியில் யாரும் இல்லை. அவை பழைய சட்டக் கல்லூரி இருக்கும் இடத்தில், அன்றைய இடுகாட்டில் நின்றவை. லாலியின் முற்றுகையில் எதிரிப் படை அந்த உயரமான சமாதிகளின் பின்னே பதுங்கியது. முற்றுகைக்குப் பின் அவற்றையும் கலைத்துக் கற்களை இங்கே கொண்டுவந்தார்கள். தங்கள் இறந்தவர்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

தேவாலயத்துக்குள் கவர்னர் பிகாட் புதைக்கப்பட்டிருக்கிறார். மதிலில் நிறுத்தி வைத்த பென்ஃபீல்டை இப்போது கூப்பிடுங்கள். ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்கு விட்டவர்களில் அவர் முக்கியமானவர். 1773-இல் நவாபு தஞ்சாவூரைப் பிடித்ததும் அதன் விளைச்சல் கடனுக்கு அடமானமானது. லண்டன் உத்தரவுப்படி பிகாட் 1776-இல் தஞ்சையை அரசர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே பென்ஃபீல்ட், தனக்கு 2,30,000 பவுனுக்கு மேல் வர வேண்டும், வயலில் நிற்கும் பயிரும் தன்னுடையது என்றார். பிகாட் மறுத்தார். 1776 ஆகஸ்ட் 24 அன்று அவருடைய சொந்த ஆலோசனை சபையே அவரைக் கைது செய்தது. அடுத்த மே மாதம் காவலிலேயே இறந்தார். சபை உறுப்பினர் நால்வருக்குக் கிடைத்த தண்டனை தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம். காவிரிப் படுகையின் நெல்லைப் பங்கு போட்ட கம்பெனிதான், சில ஆண்டுகளில் பட்டினிக் கூட்டம் வந்து நின்ற ஊரையும் ஆண்டது. காலையில் சத்திர வாசலில் பாக்கி வைத்த பதில் இது.

பிறகு அருங்காட்சியகம். ஒரு மணி நேரம் அவரவர் விருப்பப்படி பார்க்கட்டும். திரும்புவதற்குக் கோட்டை ரயில் நிலையமும் உயர் நீதிமன்ற மெட்ரோவும் நடக்கும் தூரத்தில் உள்ளன. உங்கள் எண்களை யாராவது நம்ப மறுத்தால் கோபப்படாதீர்கள். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகள் பல தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அனுமதி வாங்கிப் படிக்கலாம். 1687-ஆம் ஆண்டுத் தொகுதியைக் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.