மரக்கால் கூறும் பொருளாதாரம்

சித்தூர் மாவட்டத்து ராமகுப்பம், 1953-இல் ஆந்திர மாநிலம் அமையும்வரை சென்னை ஆட்சிப் பகுதியில் இருந்தது. அந்நாளைய சென்னை அளவையில் 8 ஆழாக்கு ஒரு படி. 8 படி ஒரு மரக்கால். ஆயினும், ஒரே மரக்கால் இரு அளவு காட்டும். தலைதட்டி அளந்தால் தானியம் குறையும். கூம்பாகக் குவித்து அளந்தால் மிகும். வாய் அகன்ற மரக்காலில் குவியல் மேலும் பெருகும். கடனைக் குவித்து வாங்கிக் கூலியைத் தலைதட்டிக் கொடுத்தால், இழப்பு உழைப்பவருக்கே.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் முறை 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது; மரக்கால் காட்சிப் பொருளாயிற்று. அதனைக் காட்சிக்கு வைப்போர் வாய் அகலம், ஆழம், முத்திரை, அளந்த முறை ஆகியவற்றையும் பதிவு செய்தல் வேண்டும். இன்றேல், எஞ்சுவது வெறும் பாத்திரமே.