கூந்தல் தைலமும் கரைப்பானும் : ஓர் ஆய்வு

முன்னுரை

மருந்து என்றவுடன் நம் சிந்தை அதன் மூலப்பொருளையே நாடுகிறது. கரிசலாங்கண்ணி எவ்வளவு சேர்ந்தது, நெல்லி எவ்வளவு சேர்ந்தது, மினாக்சிடில் எத்தனை விழுக்காடு என வினவுவோர் பலர். அம்மூலப்பொருள் எதில் கரைந்து நிற்கிறது என வினவுவோர் மிகச் சிலரே. தலையில் பூசும் மருந்தைப் பொறுத்தவரை, கேட்கப்படாத இந்த இரண்டாம் வினாவே பயனையும் தீங்கையும் பெரும்பாலும் முடிவு செய்கிறது. முடி உதிர்வு குறித்து இளைஞரிடையே கவலை மிகுந்து, கைப்பொருளும் செலவாகும் இந்நாளில், மருந்தைச் சுமந்து செல்லும் பொருளின் இயல்பை இலக்கியச் சான்றோடும் அறிவியல் சான்றோடும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஒரு பொருளைத் தன்னுள் கரைத்துக்கொள்வது கரைப்பான்; கரைவது கரைபொருள்; இரண்டும் சேர்ந்தது கரைசல். இவை பள்ளிப் பாடநூல் தந்த கலைச்சொற்கள். ஆயின் இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. 'எண்ணெய்' என்னும் சொல்லை எள் + நெய் எனப் பிரிப்பர். 'தைலம்' என்னும் வடசொல்லும் 'திலம்' என்னும் எள்ளின் பெயரடியாகப் பிறந்ததே. இன்று தைலம் என்றால் மூலிகை மருந்து எனக் கொள்கிறோம். ஆனால் அப்பெயர் மூலிகையால் வந்ததன்று. மூலிகையைச் சுமக்கும் எண்ணெயால் வந்தது. பெயரிட்ட முன்னோர் மருந்தைவிட அதன் ஊர்தியை முன்னிறுத்தினர் என்பது ஈண்டு கருதத்தக்கது.

சித்த மருத்துவத்தில் 'அனுபானம்' என்றொரு கோட்பாடு உண்டு. ஒரே பற்பத்தைத் தேனில் குழைத்து ஒரு நோய்க்கும், நெய்யில் குழைத்து வேறொரு நோய்க்கும் கொடுப்பர். யூனானி மருத்துவத்தில் இதற்கு நிகரானதைப் 'பத்ரகா' என்பர். வழித்துணையாகச் செல்வது என்பது அதன் பொருள். மருந்து தானே வழியறிந்து செல்லாது. அதனை உரிய இடத்தில் சேர்க்கத் துணை வேண்டும் என்பதே இரு மரபுகளும் உணர்த்தும் உண்மை.

சிலம்பு காட்டும் கூந்தல் நீர்

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவியின் கூந்தல் ஒப்பனையை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் அவள் தன் கூந்தலை நீராட்டினாள் என்பது அங்குக் கிடைக்கும் செய்தி. துவர் என்பன நெல்லி, கடு, தான்றி முதலிய துவர்ப்புப் பொருள்கள். அவற்றின் துவர்ப்புக்குக் காரணமான டானின் நீரில் எளிதில் கரைவது. ஆதலின் அவற்றை நீரில் ஊறவைத்தமை பொருத்தமே. எண்ணெயில் இட்டிருப்பின் அத்துவர்ப்பின் பெரும்பகுதி இறங்கியிராது. எதனை எதில் ஊறவைக்க வேண்டும் என்னும் தெளிவு அக்காலத்து ஒப்பனைக் கலையில் இருந்தது என இதனால் கொள்ளலாம்.

தைலம் காய்ச்சும் முறை

கஞ்சமலையும் கொல்லிமலையும் மூலிகைக்குப் பெயர் பெற்றவை. அம்மலைகளின் அடிவாரச் சமவெளியாகிய சேலம், நாமக்கல் பகுதிகளில் வீட்டிலேயே கூந்தல் தைலம் காய்ச்சும் வழக்கம் இன்றும் உள்ளது. கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, மருதாணி, கறிவேப்பிலை முதலியவற்றை இடித்துச் சாறு பிழிந்து, எண்ணெயுடன் சேர்த்து, நீர் வற்றும் வரை சிறு தீயில் காய்ச்சுவர். அடியில் தங்கும் வண்டல் மெழுகுப் பதத்தில் உள்ளதா, மணற் பதத்தில் உள்ளதா எனப் பார்த்து இறக்குவர்.

இச்செயலில் நிகழ்வது யாது? சாற்றில் நீரில் கரைவனவும் உண்டு. கொழுப்பில் கரைவனவும் உண்டு. நீர் ஆவியாகும்போது கொழுப்பில் கரைவன எண்ணெய்க்குள் புகுகின்றன. நீரில் மட்டும் கரைவன பெரும்பாலும் வண்டலோடு அடியில் தங்கிவிடுகின்றன. தைலம் பச்சை நிறம் பெறுவது இலைப்பச்சையம் கொழுப்பில் கரைவதால்தான். எனவே நிறம் மிகுந்தது வீரியம் மிகுந்தது என்று எண்ணுவது பிழை. பச்சையம் இறங்கியது என்பதற்கே அந்நிறம் சான்றாகும்.

எண்ணெய்களும் தம்முள் ஒத்தவை அல்ல. 2003ஆம் ஆண்டு ஆர்த்தி ரேலே, ஆர். பி. மொஹிலே என்னும் இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஆய்வு முடிவை வெளியிட்டனர். தேங்காய் எண்ணெய் மட்டுமே முடித்தண்டினுள் ஊடுருவி, கழுவும்போது நேரும் புரத இழப்பைக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறாக இருப்பதே இதற்குக் காரணம் என்றனர். ஆயின் இப்பயன் வெளியே வளர்ந்து நிற்கும் முடித்தண்டுக்கு உரியது. தோலுக்கடியில் உள்ள முடி வேரை அது புதிதாக முளைக்கச் செய்யும் என்று அவ்வாய்வு கூறவில்லை. முடியைக் காப்பது வேறு. முடியை வளர்ப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறைத்தே பல விளம்பரங்கள் பேசுகின்றன.

கொட்டமுத்தின் தனிச் சிறப்பு

நம் பகுதியில் கொட்டமுத்து எனப்படும் ஆமணக்கு, வயல் வரப்போரங்களில் நெடுங்காலமாகப் பயிராகி வருவது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமென ஓர் ஆராய்ச்சி நிலையமே உள்ளது. இவ்விதையிலிருந்து வரும் விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். அதன் மூலக்கூற்றில் ஆல்ககாலில் காணப்படுவது போன்ற ஹைட்ராக்சில் தொகுதி ஒன்று அமைந்துள்ளது. அதனால்தான் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் எரிசாராயத்தில் கலவாமல் பிரிந்து நிற்க, விளக்கெண்ணெய் மட்டும் எளிதில் கலந்துவிடுகிறது. அதன் பிசுபிசுப்புக்கும் அத்தொகுதியே காரணம். இனம் இனத்தோடு சேரும் என்னும் கரைதல் விதிக்கு நம் வரப்போரச் செடியே சான்றாக நிற்பது எண்ணி மகிழத்தக்கது. எனினும் விளக்கெண்ணெய் முடியை முளைக்கச் செய்யும் என்பதற்கு உறுதியான சோதனைச் சான்று இல்லை.

மினாக்சிடில் : கரைப்பான் செய்யும் பணி

மினாக்சிடில் முதலில் குருதி அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாக 1979இல் அமெரிக்காவில் வந்தது. அதனை உட்கொண்டோர் உடலில் முடி மிகுதியாக வளரக் கண்டபின், தலையில் பூசும் கரைசலாக்கினர். 2 விழுக்காட்டுக் கரைசலுக்கு 1988இல் அங்கு ஒப்புதல் கிடைத்தது. 5 விழுக்காட்டுக் கரைசல் 1997இல் ஆடவர்க்கென வந்தது.

இம்மருந்து நீரில் குறைவாகவே கரையும். எண்ணெயில் மிக அரிதாகவே கரையும். ஆகவே எரிசாராயம், புரொப்பிலீன் கிளைக்கால், நீர் ஆகிய மூன்றன் கலவையில் அதனைக் கரைத்தனர். 2 விழுக்காட்டுக் கரைசலில் எரிசாராயம் 60 விழுக்காடும் கிளைக்கால் 20 விழுக்காடும் இருந்தன. 5 விழுக்காட்டுக் கரைசலில் எரிசாராயம் 30 விழுக்காடாகக் குறைய, கிளைக்கால் 50 விழுக்காடாக உயர்ந்தது. மருந்தைக் கூட்டியபோது கரைப்பானையும் மாற்ற வேண்டியதாயிற்று என்பதை இதனால் அறியலாம்.

இரு கரைப்பான்களும் இருவேறு பணி செய்கின்றன. எரிசாராயம் தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்பைச் சற்றே நெகிழ்த்தி வழிவிடுகிறது. பின் விரைந்து ஆவியாகிறது. அது பறந்தபின் எஞ்சிய நீர்மத்தில் மருந்தின் செறிவு கூடி, உள்ளே புகும் விசை மிகுகிறது. ஆனால் அது ஒன்றே கரைப்பானாயின், அது பறந்ததும் மருந்து வெண்பொடியாகத் தோல்மேல் படிந்துவிடும். படிந்த பொடி உள்ளே செல்லாது. எளிதில் ஆவியாகாத கிளைக்கால் பின்தங்கி நின்று, மருந்தைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. கன்னோசியில் அத்தர் இறக்குவோர், பறந்தோடும் மலர் மணத்தைச் சந்தன எண்ணெயில் பிடித்து நிறுத்துவதை இதனோடு ஒப்பிடலாம். இத்தனை ஏற்பாட்டுக்குப் பின்னும் பூசிய மருந்தில் சராசரியாக 1.4 விழுக்காடு அளவே குருதியில் கலக்கிறது. தோலைக் கடந்து வேரை அடைந்த மருந்து, அங்குள்ள ஒரு நொதியால் மினாக்சிடில் சல்பேட்டாக மாறிய பின்னரே செயற்படுகிறது.

கரைப்பானால் வரும் தீங்கு

உதவும் பொருளே ஊறும் செய்யும். 2002இல் வெளியான 48 வார ஆய்வொன்றில் 5 விழுக்காட்டுக் கரைசல், 2 விழுக்காட்டுக் கரைசலைக் காட்டிலும் 45 விழுக்காடு கூடுதலாக முடியை வளர்த்தது. அதே ஆய்வில் அரிப்பும் தோல் எரிச்சலும் அதனைப் பூசியோர்க்கே மிகுந்தன. இம்மருந்தால் ஒவ்வாமையுற்றோர்க்கு ஒட்டுச் சோதனை செய்தபோது, பலரிடம் குற்றவாளி மினாக்சிடில் அன்று, புரொப்பிலீன் கிளைக்காலே எனத் தெரிந்தது. அவர்கள் மருந்தையே கைவிட வேண்டியதில்லை. கரைப்பானை மாற்றினால் போதும். இதன் பொருட்டே கிளைக்கால் அற்ற நுரை வடிவ மருந்து 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கிளைக்காலுக்கு மாற்றாகக் கிளிசரின் சேர்த்தும் கரைசல் செய்கின்றனர். நுரையிலும் எரிசாராயம் உண்டு. அது குறித்து மார்க்க அடிப்படையில் தயக்கம் உள்ளோர் ஆலிம்களைக் கேட்டறிந்து கொள்வது முறை.

கரைப்பானின் தூய்மையில் கவனம் தவறினால் நேரும் கேட்டினை வாய்வழி மருந்துகளின் வரலாறு உணர்த்தும். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்னும் நல்மருந்தை டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சில் கரைத்து விற்றதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1970களின் தொடக்கத்தில் சென்னையில் அதே நச்சால் குழந்தைகள் பலர் இறந்தனர். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தில் அந்நச்சு 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு காட்டியது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். இவை உட்கொண்ட மருந்துகள், பூசியவை அல்ல. ஆயினும் நல்ல மருந்து தீய கரைப்பானால் நஞ்சாகும் என்னும் படிப்பினை எல்லாவற்றுக்கும் பொது.

கடைப்பிடிக்க வேண்டுவன

முடி வளர்க்கும் கரைசலை வாங்கித் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசுவோர் உளர். எண்ணெயில் மருந்து கரையாது. துகளாகப் பிரிந்து அடியில் தங்கும். ஒருநாள் மருந்தே சேராது, மற்றொரு நாள் அளவுக்கு மீறிச் சேரும். எண்ணெய் தேய்த்த தலையில் கரைசலைப் பூசினாலும் அது நேரே தோலைச் சேராது. உலர்ந்த, எண்ணெயற்ற தலையில், முடியில் அன்றித் தோலில் படுமாறு பூசி, குறைந்தது நான்கு மணி நேரம் கழுவாதிருத்தல் வேண்டும். எரிசாராயம் தீப்பற்றுவது ஆதலின், அது உலரும் வரை அடுப்பருகே செல்லலாகாது.

கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் இதனைத் தவிர்த்தல் வேண்டும். இதய நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. பூனை வளர்ப்போர் தனியே விழிப்பாயிருத்தல் வேண்டும். பூசிய தலையையோ தலையணையையோ நக்கினால் அது இறக்கவும் கூடும். பூசத் தொடங்கிய சில வாரங்களில் முடி சற்றே மிகுதியாக உதிர்வதும் உண்டு, அது நிலைப்பதில்லை. பூசுவதை நிறுத்தினால் சில திங்களில் வளர்ந்த முடியும் உதிர்ந்துவிடும். சேர்மானம் அச்சிடாத புட்டியை எவர் புகழ்ந்து விற்பினும் வாங்காதிருத்தல் அறிவுடைமை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. தைலம், அனுபானம், பத்ரகா ஆகிய சொற்கள் மருந்தைச் சுமக்கும் பொருளுக்கு முன்னோர் தந்த முதன்மையைக் காட்டுகின்றன.

2. நீரில் கரைவன, எண்ணெயில் கரைவன, எரிசாராயத்தில் கரைவன வெவ்வேறு. கரைப்பான் மாறினால் மருந்தும் மாறும்.

3. எண்ணெய் முடித்தண்டைக் காக்கும். முடி வேரை எட்டவேண்டிய மருந்துக்கு அதற்குரிய கரைப்பான் வேண்டும்.

4. அரிப்பும் எரிச்சலும் தோன்றின் மருந்தை மட்டுமன்றிக் கரைப்பானையும் ஐயுறுதல் வேண்டும்.

புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் உள்ளது மருந்தின் பெயர். அதன் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ளது கரைப்பானின் பெயர். மாணவச் செல்வங்கள் பின்புறத்தையும் திருப்பிப் படிக்கும் பழக்கம் கொள்வாராயின், அவர்தம் பொருளும் உடல்நலமும் ஒருங்கே காக்கப்படும்.