ராத்திரி ஷிப்டும் இல்லறமும்



சென்னைப் பட்டணம் ராத்திரியிலும் தூங்குவதில்லை. கோயம்பேடு மார்க்கெட்டில் நள்ளிரவில்தான் காய்கறி லாரிகள் வந்து இறங்குகின்றன. 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகளை 24 மணி நேரமும் திறக்க 2019-ல் தமிழக அரசு அனுமதி தந்தது. நம் கனகம்மாசத்திரம் வழியே திருப்பதி சாலையிலும் விடிய விடிய வண்டிதான்.

நம் பக்கத்து ஆண்களும் பெண்களும் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறார்கள். ஒருவர் வீடு திரும்பும்போது மற்றவர் வேலைக்குக் கிளம்புகிறார். "முகம் பார்த்துப் பேசி எத்தனை நாளாச்சு!" என்கிறீர்களா? இதைக் கடைப்பிடியுங்கள்:

1. ஷிப்ட் முடித்து வந்தவரை 7 மணி நேரமாவது தூங்க விடுங்கள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். தூக்கம் தரும் மெலடோனின் இருட்டில்தான் நன்றாகச் சுரக்கும்.

2. தூக்கக் கலக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள்.

3. மாலா-என் மாத்திரையைப் 'படுக்கும்போது' என்று வைத்துக்கொண்டால், ஷிப்ட் மாறும்போது கணக்கு தப்பிவிடும். தினமும் ஒரே மணிக்குச் சாப்பிடுங்கள். ஒரு நாள் மறந்தால், நினைவு வந்ததும் உடனே சாப்பிடுங்கள். அடிக்கடி மறக்கிறதா? காப்பர்-டி பற்றிக் கிராம சுகாதார நர்ஸிடம் கேளுங்கள்.

4. ஓய்வு நாளில் சேர்ந்து சாப்பிடுங்கள். அடுத்த குழந்தை எப்போது என்று இருவரும் கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.

ஷிப்ட் மாறலாம், மாத்திரை வேளை மாறக்கூடாது!