அட்வான்ஸ் கொடுக்கும் முன் கெடுவைப் பாருங்கள்



பனியன் கம்பெனிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, குழுக் கடனும் வாங்கி, அவினாசி, பல்லடம் பக்கம் ஒரு வீடோ சைட்டோ வாங்கணும் என்று நம்மில் பலருக்கும் ஆசை. விலை பேசியதும் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போடுகிறோம். "மூணு மாசக் கெடு" என்பது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். பத்திரத்தைச் சரிபார்க்க எத்தனை நாள், குறை இருந்தால் அட்வான்ஸ் திரும்ப வருமா என்று கேட்பதில்லை.

நம் மாநிலத்து வழக்கு ஒன்றைப் பார்ப்போம். 17.1.1981 அன்று 3,75,000 ரூபாய்க்கு நிலம் வாங்க ஒருவர் ஒப்பந்தம் போட்டார். அட்வான்ஸ் 1 லட்சம். மீதிக்கு மூன்று தவணை, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. நிலத்தின் உரிமை திருப்தியாக இருந்தால்தான் கிரயம் என்றும் எழுதியிருந்தார்கள். 6.4.1981 தவணையைக் கட்டவில்லை. "உரிமை சரியாகத் தெரிந்த பிறகுதானே பணம்" என்பது வாங்குபவரின் வாதம். கிரயம்தான் திருப்தியைப் பொறுத்தது, தவணைத் தேதி அப்படி அல்ல என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 30 வருஷம் நடந்தும் நிலம் கிடைக்கவில்லை.

இதில் நமக்குப் பாடம்: பத்திரம் பார்க்கிறோம் என்பதற்காகப் பணம் கட்டும் கெடு நிற்காது. ஆகவே அக்ரிமென்டில் இவற்றை எழுதச் சொல்லுங்கள்:

1. பத்திரம் சரிபார்க்க, அளந்து பார்க்க ஒரு தேதி. அடுத்த தவணை அதற்குப் பிறகே.
2. குறை இருந்தால் அட்வான்ஸை எத்தனை நாளில் திருப்பித் தரணும்.
3. கெடுவை நீட்டினால் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போடணும். வாய்ப்பேச்சு போதாது.

அந்த நாளுக்குள் பார்க்க வேண்டியவை:

* மூலப்பத்திரம் ஒரிஜினல். ஜெராக்ஸை நம்ப வேண்டாம், ஒரிஜினல் அடமானத்தில் இருக்கலாம்.
* 30 வருஷ வில்லங்கம். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.
* பட்டா யார் பேரில் இருக்கிறது, சர்வேயர் அளவு சரியா.
* சைட்டுக்கு டிடிசிபி அப்ரூவல், வீட்டுக்குப் பிளான் அனுமதி, வரி ரசீது, கரண்ட் பில்.

குறை தெரிந்தால் கெடு முடியும் முன்பே பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் எழுதி அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 1.12.2012 முதல் தமிழ்நாட்டில் கிரய அக்ரிமென்டைப் பதிவு செய்வது கட்டாயம். வெறும் முத்திரைத்தாளில் நிறுத்திவிடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.

அடுத்த கூட்டத்தில் யாராவது அக்ரிமென்ட் வைத்திருந்தால் கொண்டு வாருங்கள். தேதிகளை எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் படிப்போம்.