காலங்கடந்து வந்த பத்திரம்

நில வழக்கில் வாய்ச்சொல்லை விடப் பத்திரமே பெரிது. அந்தப் பத்திரம் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது கையில் கிடைத்தால் என் செய்வது? இயற்பியல் மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் அரை ஏக்கர் புஞ்சை முன்சீப் கோர்ட்டில் இருக்கிறது. பட்டா எங்கள் பெயரில்தான். ஆயினும் பட்டா மட்டுமே உரிமையை நிலைநாட்டாது என்பது நீதிமன்றங்களின் முடிந்த முடிபு. பாட்டனார் வாங்கிய 1962ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரமோ சென்ற ஆண்டுதான் பாட்டியின் தம்பி வீட்டுப் பரணில் அகப்பட்டது. எழுத்தறியாத தந்தையாருக்கு அதைப் படித்துக் காட்டியவன் நான்.

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, வாதி தம் ஆவணங்களைப் பிராதுடனும், பிரதிவாதி எதிருரையுடனும் தாக்கல் செய்தல் வேண்டும். தவறினால், நீதிமன்றத்தின் அனுமதியின்றி அவை பின்னர் சான்றாக ஏற்கப்படா. 'அனுமதி' என்னும் அந்த ஒரு சொல்லில்தான் எங்களைப் போன்றோரின் உயிர் இருக்கிறது!

அனுமதி மனுவில் ஆவணம் எங்கிருந்தது, எப்போது கிடைத்தது, ஏன் தாமதம் என்பவற்றைப் பிரமாண வாக்குமூலத்துடன் கூற வேண்டும். "சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கியிருக்கலாமே?" என்று எதிர்த்தரப்பார் கேட்பர். நியாயமான கேள்விதான். பத்திர எண்ணும் ஆண்டும் தெரியாமல் எதைத் தேடுவது என்பது எங்கள் விடை. 2020இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு சொத்து வழக்கில், பிற்பாடு தேடிக் கிடைத்த ஆவணங்களை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நடைமுறை விதிகள் நீதிக்குத் துணை நிற்க வேண்டுமேயன்றித் தடையாகலாகாது என்பது அதன் கருத்து.

ஆனால் பத்திரத்தைப் பெற்றுக்கொள்வது வேறு. அது மெய்ப்பிக்கப்படுவது வேறு. முப்பது ஆண்டு கடந்த ஆவணம் முறையான காவலிலிருந்து வந்தால், அதன் கையெழுத்து உண்மையென நீதிமன்றம் அனுமானிக்கலாம். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவு இது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 92ஆம் பிரிவு. அனுமானிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, கட்டாயமில்லை. பாட்டனார் பத்திரம் மைத்துனர் வீட்டுக்கு ஏன் போயிற்று? எங்களுடையது கூரை வீடு, அவருடையது ஓட்டு வீடு. மழைக்குப் பயந்து கொடுத்து வைத்தாராம். அதைக் கூண்டிலேறிச் சொல்ல அந்த முதியவர் ஒருவரே மிஞ்சியிருக்கிறார்.

மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடவும் முடியாது. அங்கே கதவு இன்னும் குறுகியது. கீழ்க்கோர்ட்டு தவறாக மறுத்திருக்க வேண்டும். அல்லது உரிய முயற்சி செய்தும் முன்பு கிடைக்காதிருந்திருக்க வேண்டும். அல்லது தீர்ப்புக்கு அது தேவையென மேல்முறையீட்டு நீதிமன்றமே கருத வேண்டும். ஆகவே எங்கள் வழக்கறிஞர் முன்சீப் கோர்ட்டிலேயே மனுப் போட்டிருக்கிறார். அடுத்த வாய்தாவில் அது விசாரணைக்கு வருகிறது.