மின்சாரக் கணக்கும் இல்லறச் சிக்கனமும்

நெய்த அளவையும் பெற்ற கூலியையும் நாள் தவறாது எழுதி வைப்பது நம் அங்கத்தினர்களின் நல்வழக்கம். பாவுக்கு எத்தனை இழை என்றால் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். ஆனால் வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். இரு மாதங்களுக்கு ஒரு முறை கட்டணத் தொகையைக் கண்ட பின்னரே திகைக்கிறோம். இக்குறையை நீக்கும் எளிய கணக்கை இம்மாதம் கற்போம்.

யூனிட் என்பது யாது? ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். ஆகவே வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். பழைய மின்விசிறி சுமார் 75 வாட். நாளுக்கு 16 மணி நேரம் சுழன்றால் 1.2 யூனிட்; 60 நாட்களில் 72 யூனிட். பி.எல்.டி.சி. என வழங்கும் புதுவகை விசிறி சுமார் 30 வாட். அதே உபயோகத்திற்கு ஏறத்தாழ 29 யூனிட் போதும். ஒரு விசிறியில் 43 யூனிட் மிச்சம்.

இம்மிச்சம் சிறிதெனக் கருதலாகாது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தைப் பாருங்கள். இரு மாதங்களில் 500 யூனிட் செலவிட்டவருக்கு முதல் 100 இலவசம். அடுத்த 100க்கு யூனிட் ரூ. 2.25, அடுத்த 200க்கு ரூ. 4.50, கடைசி 100க்கு ரூ. 6. மொத்தம் ரூ. 1,725. 501 யூனிட் ஆனாலோ ரூ. 2.25 என்ற சலுகை பறிபோய், அந்த 100 யூனிட்டுக்கும் ரூ. 4.50 ஆகிவிடும், 501-வது யூனிட்டுக்கு ரூ. 8. மொத்தம் ரூ. 1,958. ஒரே யூனிட்டால் ரூ. 233 கூடுகிறது! விகிதங்கள் பின்னர் மாறின. எனினும் எல்லையைத் தாண்டும் யூனிட்டே விலை மிகுந்தது என்பதை நாம் மறக்கலாகாது. கைத்தறி நெசவாளருக்கான இலவச அளவு 2023-இல் 200 யூனிட்டிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டது. அதற்கு அப்பால் செலவாவதற்கு நம் கூலியிலிருந்துதானே கொடுக்க வேண்டும்?

செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து நாட்காட்டியில் குறித்தல். மீட்டரில் பல எண்கள் மாறி மாறித் தோன்றும், கே.டபிள்யூ.எச். என்ற குறியோடு வருவதே யூனிட் கணக்கு. வாரத்திற்கு 58க்குள் நின்றால் 60 நாட்களில் 500ஐத் தாண்டாது. இரண்டாவது, அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்றுதல். தறியருகே சுழலும் விசிறியை மாற்றுவதே ஆதாயம்; எப்போதோ சுழலும் விசிறி காத்திருக்கட்டும். மூன்றாவது, 60 வாட் குண்டு பல்பு இருப்பின் அகற்றுதல். அவ்வொளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கே தரும்.

சிக்கனம் என்பது இருளில் அமர்வதன்று. தறிமேட்டு விளக்கையும் பிள்ளைகள் படிக்கும் விளக்கையும் குறைப்பது சிக்கனமாகாது. கண் கெட்டால் தொழிலே கெடும். வீணாவதைத் தடுப்பதே சிக்கனம்.

புது விசிறியின் விலை தனியொருவருக்குப் பாரமாயிருக்கலாம். தேவைப்படுவோர் ஒன்றுசேர்ந்து சங்கத்தின் வாயிலாக மொத்தமாக வாங்கினால் விலை பேசவும், தவணையில் செலுத்தவும் வழி பிறக்கலாம். அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் நான்கு வாரக் குறிப்பைக் கொண்டு வாருங்கள். கணக்கு கையில் இருந்தால் முடிவு தானே தெளிவாகும்.